கழகத்தில் சேரப்போய்க் கலகத்தில் மாட்டியவன்

பூவாற்றூரை ஆண்ட பொன்னம்பல மழவராயர் புதிதாக ஒரு தமிழ்க் கழகம் தொடங்கினார். சேருகிறவர்களுக்குச் சோறும் துணியும் அரண்மனைச் செலவு. படித்து முடித்தால் அரண்மனையிலேயே வேலை. கேட்கவா வேண்டும்! எழுத்தாணி பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் விண்ணப்ப ஓலை எழுதினார்கள். உப்பு வணிகன் குழந்தைவேலுவும் எழுதினான். கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டான்.

வீட்டுக்கு வந்ததும், முதலில் எழுதிப் பார்த்து வைத்திருந்த ஓலையை எடுத்து மனைவி அலர்மேலுவுக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினான்.

"மன்னருடைய தமிழ்க்..."

படிப்பதை நிறுத்தி ஓலையைக் கண்ணருகே கொண்டுபோனான். முகம் வெளுத்துப்போயிற்று.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"'கழகத்தில் சேர விரும்புகிறேன்' என்று எழுத வேண்டியவன், 'கலகத்தில் சேர விரும்புகிறேன்' என்று எழுதியிருக்கிறேன்! இதைப் பார்த்துத்தான் நல்ல ஓலையிலும் எழுதினேன்!"

"ஒரு எழுத்துதானே?"

"ஒரு எழுத்தா? கழகத்தில் சேர்ந்தால் சோறு. கலகத்தில் சேர்ந்தால் கழு!"

அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் உப்பு கேட்டவர்களுக்கு அளவே பார்க்காமல் அள்ளிப் போட்டான். தெருவில் காவலர் நடந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவர்கள் என்னவோ மோர் வாங்கத்தான் போனார்கள்.

அலர்மேலு பொறுத்துப் பார்த்தாள். "நீங்கள் போய் விடங்கரைப் பாருங்கள். அரசவையில் வாயை வைத்தே பிழைக்கிற மனிதர். ஏதாவது வழி சொல்வார்" என்று அனுப்பி வைத்தாள்.

விடங்கர் வெற்றிலை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"தம்பி, அங்கே ஓலை மலைபோலக் குவிந்து கிடக்கிறது. கழகத் தலைவர் ஆனந்தகீர்த்தி அதில் ஒன்றைக்கூடப் படிக்கப்போவதில்லை. யார் எவ்வளவு குனிந்து கும்பிட்டான் என்று பார்த்துத்தான் சேர்ப்பார். நீ ஒன்றும் செய்யாதே. சும்மா இரு."

சும்மா இருப்பது குழந்தைவேலுவால் ஆகிற காரியமா? நேராக வீட்டுக்குப் போனான். இன்னோர் ஓலை எழுதினான். 'என் முதல் ஓலையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. பிழையைப் பொருத்தருள்க' என்று முடித்துத் தலைவருக்கு அனுப்பிவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

ஆனந்தகீர்த்திக்கு அப்போதுதான் சுவாரசியம் பிறந்தது. பிழையாமே, என்ன பிழை? குவியலைக் கிளறி முதல் ஓலையைத் தேடி எடுத்தார். படித்தார். தம்முடைய விழிப்பை மன்னரிடம் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஓலை இரண்டையும் தூக்கிக்கொண்டு அரசவைக்கு ஓடினார். குழந்தைவேலுவைக் காவலர்கள் இழுத்து வந்தார்கள்.

"பெருமானே! இந்தக் குலந்தைவேலு கலகத்தில் சேரப்போகிறானாம்! கையெலுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்!" என்று முழங்கினார் ஆனந்தகீர்த்தி. "இரண்டாவது ஓலையைப் பாருங்கள். மன்னிக்கச் சொல்கிற பொறுத்தருள்க இல்லை, ஒட்டவைக்கச் சொல்கிற பொருத்தருள்க! செய்த பிலையை நாமே ஒட்டவைக்க வேண்டுமாம்!"

மழவராயர் புருவத்தை நெரித்தார். "கலகத்தில் சேர என்னிடமே விண்ணப்பமா? என்னடா சொல்கிறாய்?"

"கை... கை தவறிவிட்டது, அரசே."

"தவறுகிற கை எதற்கு உனக்கு?"

குழந்தைவேலு சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அலர்மேலுவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது விடங்கர் எழுந்தார்.

"அரசே, இவன்மேல் குற்றமே இல்லை. அழைத்தார்கள், வந்தான்."

"கலகத்துக்கா? யார் அழைத்தது?"

"இதோ, கழகத் தலைவர்தான். தேரடியில் நின்று ஊர் முழுக்கக் கேட்கும்படி அழைத்தார். நானும் என் காதால் கேட்டேன்."

ஆனந்தகீர்த்தி துள்ளினார். "பெருமானே, இது அபாண்டம்! நானா கலகத்துக்கு அலைத்தேன்?"

"அப்படியானால் அன்று தேரடியில் என்ன சொன்னீர்கள்? அதையே அவை கேட்க ஒருமுறை சொல்லுங்கள், போதும்" என்றார் விடங்கர்.

ஆனந்தகீர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கணீரென்று சொன்னார்:

"மன்னருடைய தமில்க் கலகத்தில் சேர விரும்புவோர் எல்லாரும் வரலாம்!"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"கேட்டீர்களா, அரசே?" என்றார் விடங்கர். "மற்றவர்கள் எல்லாரும் தலைவர் சொன்னதை மாற்றிக் கழகம் என்று எழுதிவிட்டார்கள். அவர் சொல்லை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியவன் இவன் ஒருவன்தான்."

மன்னர் மீசையை நீவுவதுபோல உதட்டை மறைத்துக்கொண்டார்.

"நாக்கு கொஞ்சம் புரளாது, பெருமானே. அது ஒரு குற்றமா?" என்றார் ஆனந்தகீர்த்தி. முகம் சிவந்துவிட்டது.

"குற்றமே இல்லை" என்றார் விடங்கர். "ஆனால் அரசே, நாங்கள் எல்லாரும் தங்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறோம். தலைவர் மட்டும் எப்போதும் 'பெருமானே, பெருமானே' என்கிறார். ஏன் என்று யோசித்ததுண்டா? தங்கள் பெயரை ஒரே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்."

"சொல்லும்" என்றார் மன்னர்.

"பொன்னம்பல..." என்று தொடங்கினார் ஆனந்தகீர்த்தி. அங்கேயே நின்றுவிட்டார். அடுத்து வரவேண்டிய 'மழ'வை அந்த நாக்கு என்னவாக்கும் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, அவையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வியர்வை தாடியில் இறங்கியது.

மழவராயருக்கும் புரிந்தது. வெடித்துச் சிரித்தார். கிரீடம் ஒருபக்கம் சாய்கிற அளவுக்குச் சிரித்தார். குழந்தைவேலுவைக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். விடங்கருக்குத் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சரி விடங்கரே, இந்தத் தலைவரை என்ன செய்யலாம்?"

"அவரும் கழகத்தில் முதல் வகுப்பில் சேரட்டும், அரசே. விண்ணப்பத்தை மட்டும் குழந்தைவேலு எழுதிக்கொடுக்க வேண்டாம்!"