கேரிட்டி பாறை

கேப்டன் லாத்ரப் பதினான்கு வயதில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவர். சண்டைகளில் பெயர் வாங்கியவர் அல்ல. தெற்கே ஒரு நீரிணையை மூன்று வருடம் அளந்து அவர் வரைந்த வரைபடம்தான் அவருக்குப் பெயர் தந்தது. இருபது வருடமாகக் கப்பல்கள் அதை நம்பிப் போய்வந்தன.

லெப்டினன்ட் பெல் அவரிடம் தொழில் கற்றவர். குரு போட்ட கோடு அவருக்கு வேதவாக்கு.

ஒரு காலை அதே நீரிணையில் அவர்களுடைய கப்பல் பனிமூட்டத்துக்குள் நுழைந்தது. மேல்தளப் பொறுப்பு பெல்லிடம் இருந்தது. கேரிட்டி என்ற மாலுமி முன்னால் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு பாகம், அதாவது இருபத்துநான்கு அடி, என்று குரல் கொடுத்தான்.

வரைபடத்தில் முப்பது பாகம் என்று இருந்தது. மறுபடி பார்க்கச் சொன்னார் பெல். மூன்றரை என்றான். கயிறு எங்காவது சிக்கியிருக்கும், வாயை மூடு என்று அதட்டினார். கேரிட்டி மூடவில்லை. கேப்டனின் அறை வரைக்கும் கேட்கும்படி, பாறை பாறை என்று கத்தினான்.

லாத்ரப் ஓடிவந்தார். எதுவும் விசாரிக்காமல் நங்கூரம் போடச் சொன்னார்.

பனி விலகியதும், கப்பலுக்கு முன்னால் இருபதடி தூரத்தில், தண்ணீருக்கடியில் கரிய பாறை தெரிந்தது. கப்பலில் இருந்த நூற்று நாற்பது பேரும் விளிம்புக்கு வந்து அதை எட்டிப் பார்த்தார்கள்.

லாத்ரப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேரிட்டியின் முன்னால் போய் நின்றார்.

"படம் நான் போட்டது. தப்பு என்னுடையது. உனக்கு நன்றியப்பா."

அன்றே வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 'கேரிட்டி பாறை' என்று எழுதினார். தன் பிழையை விவரித்து வாஷிங்டனில் கடற்படைத் தலைமைக்குக் கடிதமும் எழுதினார். அவருடைய பதவி உயர்வு அங்கே முடிவாகவிருந்த சமயம் அது. பெல் தடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஊர்த் துறைமுகத்தில் பதில் காத்திருந்தது. பதவி வேறொருவருக்குப் போயிருந்தது.

பெல்லுக்கு மனசு ஆறவில்லை. "இருபது வருடப் புகழ் ஐயா. ஒரே கடிதத்தில் போக்கிக்கொண்டீர்களே."

லாத்ரப் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலுமிகள் ஒவ்வொருவராக இறங்கி, காத்திருந்த மனைவி மக்களிடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இருபது வருடமாக எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்தார்கள், பெல். பாறை இருக்கிறது என்று கேரிட்டி ஒருவன்தான் சொன்னான்."