வேரைத் தொட்டது யார்?

வேர்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கரிசல் மண்ணில் ஒரு செஞ்சோளம் நின்றது. பசித்தால் அதன் வேர் பூஞ்சையைக் கூப்பிடும். நூல்போல் மெலிந்த பூஞ்சை மண்ணுக்குள் ஊர்ந்து, சத்தைச் சுமந்து வரும். கூலியாகக் கொஞ்சம் இனிப்புச் சாறு வாங்கிக்கொள்ளும்.

அந்தக் குரல் வேர்ப்புழுக்களுக்கும் கேட்டது. ஒருநாள் பக்கத்துச் செடியின் வேர் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு பாதியில் நின்றுபோனது. செஞ்சோளம் நடுங்கியது. அதன் கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

"இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்," என்றது பூஞ்சையிடம். "பசிச்சா ஒரு சொட்டுச் சாறு விடுறேன். வாசம் பிடிச்சு வந்துடு."

"காத்தடிச்சாலே திருடன்னு சொல்ற ஆளாச்சே நீ," என்று பூஞ்சை சிரித்தது.

"சிரிடி. கதிர் என் தலையிலதானே இருக்கு."

எல்லா வேர்களும் அப்படியே பழகின. தங்களுக்குள்ளும் சாற்றால்தான் பேசிக்கொண்டன. மேலிருந்து ஒரு சாறு இறங்கினால் வேர் நீண்டது, இன்னொன்று இறங்கினால் நின்றது, வேறொன்றுக்குக் கிளைவிட்டது. புழுக்கள் வழி தெரியாமல் போயின. சோளம் நிம்மதியாகத் தூங்கியது.

அதே மண்ணில் தூசிபோல ஒரு விதை பல வருஷமாகக் கிடந்தது. கையில் ஒருவேளைச் சாப்பாடுகூட இல்லாத விதை. அதற்குக் காதில்லை, மூக்கு மட்டும்தான். அதனால் எந்தக் குரலுக்கும் அது விழித்ததில்லை.

மழை பொய்த்த ஒரு பகலில் சோளத்துக்குப் பசித்தது. ஒரு சொட்டு பூஞ்சைக்கு எட்டாதோ, கதிர் காய்ந்துவிடுமோ என்று பயந்து பத்துச் சொட்டு விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஏதோ வேரைத் தொட்டது.

"அதுக்குள்ள வந்துட்டியா தங்கச்சி?" சோளம் மெல்ல வாய்விட்டுக் கேட்டது.

தொட்டது பேசவில்லை. வேருக்குள் நுழைந்து உறிஞ்சத் தொடங்கியது.

தூரத்திலிருந்து பூஞ்சையின் குரல் வந்தது. "அக்கா, நான் இன்னும் பாதி வழியிலதான் இருக்கேன்."

சோளம் அதன்பின் பேசவே இல்லை. அந்தக் கதிர் மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. சில வாரம் கழித்து அதன் காலடியில், அந்தத் தூசி விதையிலிருந்து முளைத்த சுடுமல்லிக் களை சின்னதாகப் பூத்தது.

அன்று தொட்டுத்தான் மண்ணில் ஈரம் இருக்கும்போதே சோளத்தின் இலை கருகுகிறது. பசித்தால் அது இன்னும் சாறு விடுகிறது, வேறு வழியில்லை. வந்தது யார் என்பது தொட்ட பிறகுதான் தெரிகிறது.