ஒத்துக்காத கோதுமை

மலைக்காட்டில் செம்பி என்றொரு அணில் இருந்தது. பக்கத்துக் கொல்லையில் சிந்திக் கிடந்த கோதுமையை விலங்குகள் எல்லாம் சேர்ந்து பொறுக்கி, மழைக்காலத்துக்கென்று ஒரு மரப்பொந்தில் நிரப்பி வைத்திருந்தன.

செம்பிக்குக் கோதுமை என்றால் உயிர். ஆனால் பாவம், கொஞ்ச நாளாக ஒரு மணி கொறித்தாலும் வயிறு பலூன் மாதிரி உப்பியது. வலி தாங்காமல் அழுதது.

"எனக்குக் கோதுமை ஒத்துக்கல!"

நாட்டாமைக் கரடி மதங்கன் துள்ளி எழுந்தது. "என்னது! செய்யுறதையும் செஞ்சுட்டு ஒத்துக்கலையா? இந்தக் கோதுமைக்கு எவ்வளவு திமிர்! அத்தனையையும் ஓடையில கொட்டுங்க!"

மற்றவையும் ஆமாம் சாமி போட்டன. முயல்கள் பொந்தைக் காலிசெய்யவே ஆரம்பித்துவிட்டன!

செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் ஒரு வயிற்றுக்காகக் காடே மழையில் பட்டினி கிடப்பதா? பொந்தின் குறுக்கே பாய்ந்து படுத்துக்கொண்டது.

"நிறுத்துங்க! வயித்துக்கு ஒத்துக்கலன்னு சொன்னேன், குத்தத்தை இல்ல! நாட்டாமை, உங்களுக்கு வயிறு வலிக்குதா?"

"எனக்கா? நேத்துக்கூட மூக்கு முட்டத் தின்னேனே!"

"போன வருஷம் நானும் தின்னேன், ஒண்ணும் ஆகல. நடுவுல என்னமோ நடந்திருக்கு."

செம்பி யோசித்து, நடந்ததைச் சொன்னது. கோடையில் தூரத்துச் சுனைக்குப் போகச் சோம்பல்பட்டு, கொல்லைக்காரர் பூச்சிமருந்து டப்பா கழுவுகிற குட்டையில் தண்ணீர் குடித்தது. பேதியாகிப் படுத்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம்!

"அப்போ குட்டைதான் கள்ளன்! கோதுமை யோக்கியன். நீ தின்னு!" என்றது கரடி.

"அட, இருங்க! குட்டைத் தண்ணி ஒரு காரணமா இருக்கலாம், அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா இப்போ என் வயித்துக்குக் கோதுமை ஆகாது. உங்களுக்கு அதுதான் சோறு. ரெண்டும் நிஜம்!"

கரடி தலையைச் சொறிந்தது. பிறகு காடே அதிரச் சிரித்தது. "நல்லவேளை தடுத்தே, இல்லேன்னா கோதுமையைக் கொட்டிட்டு மாட்டியிருப்பேன்!"

அன்றே எல்லாம் சேர்ந்து கல்லும் மண்ணும் தள்ளிக் குட்டையை மூடின. முயல்கள் செம்பிக்குக் கேழ்வரகு கொண்டுவந்தன. தின்றுவிட்டுச் செம்பி வயிற்றைத் தடவிப் பார்த்தது. உப்பவில்லை, வலியும் இல்லை! குஷியில் கரடியின் தலைமேலேயே ஏறி ஆட்டம் போட்டது. அந்த மழைக்காலத்தில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை.

ஒருவர் வயிற்றுக்கு ஆகாததை ஊருக்கே விஷம் என்று கொட்டிவிடாமல், அவர் குடித்த தண்ணீரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து விசாரிப்பவரே புத்திசாலி.