கால் இல்லாத பலகை

மலைமேல் பேருந்து வந்து திரும்பிப் போகும் கடைசி ஊரில் ஒரு மெஸ் இருந்தது. ஆறு பெஞ்சு, ஒரு விறகடுப்பு, வாசலில் சங்கிலியில் தொங்கும் ஒரு பலகை. சமைப்பவர் பெயர் பிலோமினா. ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வயது நாற்பத்திரண்டு.

அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த திருவேங்கடத்துக்கு ஐம்பத்தைந்து. மூன்று மாதம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர். இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வந்த அன்றே அவர் கண்ணில் பட்டது அந்தப் பலகைதான். ‘சாப்பாடு தயர்’ என்று எழுதியிருந்தது. ‘ய’வுக்குப் பக்கத்தில் வர வேண்டிய துணைக்காலை எழுதியவர் விட்டுவிட்டார். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்ட கண்ணுக்கு அது உறுத்தியது.

“மாஸ்டர், ஒரு கால் விட்டுப்போயிருக்கு. கொஞ்சம் பெயின்ட் கிடைச்சா நானே போட்டுடறேன்.”

“இருக்கட்டும் சார். வெங்காயம் உரிங்க.”

அவர் உரித்தார். பிறகு சோறு வடிக்கக் கற்றார். சாம்பார் கற்றார். ரசம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் ரசம் வைப்பார். கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். ஏதோ குறைகிறது என்பார். மிளகைத் தட்டிப் போடுவார். மறுபடி பார்ப்பார். இப்போது வேறு ஏதோ குறையும். கடைசியில் நாக்கு மரத்துப்போய், எது ரசம் எது வெந்நீர் என்று தெரியாத நிலையில் மாஸ்டரைக் கூப்பிடுவார். மாஸ்டர் வந்து பாத்திரத்தை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வைப்பார். இரண்டு வருடத்தில் திருவேங்கடத்தின் ரசம் ஓர் இலைக்கும் போனதில்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தன் ஹோட்டலுக்கென்று ஒரு கூடத்தை அவர் வாடகைக்குப் பிடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கான வரைபடம் ஒரு சுருளாக அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. மேசை எங்கே, விளக்கு எங்கே, பரிமாறுபவர் எந்தப் பக்கமாக நடந்து எந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. ஹோட்டலின் பெயர் மட்டும் முடிவாகவில்லை. பதினொன்று தேறியிருந்தன.

கூடம் பிடித்த புதிதில் மனைவி வசுமதி தொலைபேசியில், “இன்னைக்குத் திறந்தாச்சா?” என்று கேட்பாள். இப்போதெல்லாம், “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்கிறாள். இரண்டில் எது தனக்கு அதிகமாக வலிக்கிறது என்று அவர் யோசித்துப் பார்த்ததுண்டு.

மார்கழியில் ஒரு காலை. பனி தெருவை விட்டு மெஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. பெஞ்சுகளின் கால்கள் தெரியவில்லை. மேல்பலகைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. அந்தப் பனிக்குள்ளிருந்து கூடத்தின் சொந்தக்காரர் காஜா மொய்தீன் வெளிப்பட்டு, ஒரு டீ சொன்னார்.

“என்ன சார், உங்க ஹோட்டல்ல இன்னைக்கு என்ன ஸ்பெஷல்? பூட்டுக் கூட்டா?”

திருவேங்கடம் சிரிக்கப் பார்த்தார்.

“நான் விளையாட்டுக்குச் சொல்லலை சார். வாடகை வருது, நான் இல்லேங்கலை. ஆனா ஒரு வருஷமா அடைச்சுக் கிடக்கிற கடையைப் பார்த்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இன்னைக்கு மத்தியானம் பாங்கு சொல்றதுக்குள்ள அங்க அடுப்பு எரியணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துடுங்க. செல்போன் கடை வைக்க ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்.”

“பாய், தை பிறக்கட்டுமே...”

“போன தையும் பிறந்துச்சு சார்.”

டீயைக் குடித்துவிட்டு அவர் பனிக்குள் போய்விட்டார்.

திருவேங்கடம் அறைக்குப் போய்ச் சுருளை எடுத்து வந்தார். இதுவரை அதை மாஸ்டரிடம் காட்டியதில்லை.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். நான் எப்போ தயாராவேன்?”

மாஸ்டர் அரிசி களைந்துகொண்டிருந்தார். “அது என்ன கையில?”

“ஹோட்டல்.”

“முழுசுமா?”

“முழுசும்.”

“இந்தப் படமெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது இன்ஜினியர் சார். கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.”

“இன்ஜினியர் இல்லை மாஸ்டர். படம் போடறவன்தான்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்று மாஸ்டர் கையைத் துடைத்தார். ஒரு பெரிய துணிப்பையை எடுத்து அரிசி, பருப்பு, தக்காளி என்று கைக்கு வந்ததைப் போட்டார். நாலு இலைக்கட்டை மேலே வைத்தார். திருவேங்கடத்தை முன்னால் போகச் சொல்லிவிட்டு, வாசலில் ஏதோ செய்துவிட்டுப் பின்னால் வந்தார்.

தெருவில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இருவரும் நடந்தார்கள். நடக்கிறோமா, நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைக்கிறோமா என்று திருவேங்கடத்துக்குச் சந்தேகமாக இருந்தது.

ஷட்டரைத் தூக்கினார். அவர்களோடு பனியும் உள்ளே வந்தது. கூடத்தில் பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன இரண்டு பெஞ்சு. மூலையில் சிலிண்டரும் புதுப் பாத்திரங்களுமாக ஓர் எரிவாயு அடுப்பு. அதன் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. மாஸ்டர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ம். காட்டுங்க.”

திருவேங்கடம் சுருளை விரிக்கவில்லை. அது அவருக்குத் தேவைப்படவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

“இங்கே பன்னிரண்டு மேசை மாஸ்டர். தேக்கு. அந்தச் சுவரில் பெரிய ஜன்னல். வெளியே பள்ளத்தாக்கு தெரியும். மேலே பித்தளை விளக்கு, மேசைக்கு ஒண்ணு. அதோ அங்கே கை கழுவற இடம். தண்ணீர் வெதுவெதுன்னு வரும், இந்தக் குளிருக்கு.”

சொல்லச் சொல்ல, கூடத்துக்குள் இருந்த வெள்ளை மெல்ல நிறம் மாறியது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எவர்சில்வர் தம்ளர்கள் மேசையில் அமரும் சத்தம் கேட்டது. சோற்றின் ஆவியா, பனியா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று முகத்தில் பட்டது. இத்தனை நாள் கண்ணை மூடியபோது மட்டும் வந்த ஹோட்டல், இப்போது கண் திறந்திருக்கும்போதே வந்து நின்றது. அவர் குரல் தழைந்தது.

“ஆளுங்க இருக்காங்களா?” மாஸ்டரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை.”

“என்ன பண்றாங்க?”

“சாப்பிடறாங்க.”

“என்ன சொல்றாங்க?”

திருவேங்கடத்துக்குக் கூச்சமாக இருந்தது. “இப்படி ஒரு ரசம் சாப்பிட்டதே இல்லேங்கிறாங்க.”

“ஜன்னல் பக்கத்துல யாரு?”

“வசுமதி. என் சம்சாரம்.”

“எப்போ வந்தாங்க?”

“வந்ததுன்னு இல்லை மாஸ்டர். எப்பவும் அங்கேயேதான் இருக்கா.”

“இப்பதான் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வர்றவங்க யாராச்சும் உண்டா?”

அவர் வாசலைப் பார்த்தார். அந்தப் பக்கம் அவர் ஒருபோதும் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. எல்லோரும் முதலிலிருந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் இலையிலும் பாதி சாப்பாடு முடிந்திருக்கிறது.

“இல்லை மாஸ்டர்.”

“அங்க இருக்கிறவங்கள்ல பசிச்சுப்போய் உட்கார்ந்திருக்கிறது யாரு?”

திருவேங்கடம் மேசை மேசையாகத் தேடினார். ஜன்னல் வரைக்கும் போனார். வசுமதி இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பசித்து வந்த முகமாக அது இல்லை.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, பனி மறுபடி வெள்ளையானது. இரண்டு பெஞ்சும் ஓர் அடுப்பும் மிஞ்சின.

“எனக்குப் பசிக்குது சார்,” என்றார் மாஸ்டர். “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை.”

திருவேங்கடம் அடுப்பின் உறையைப் பிரித்தார். பிளாஸ்டிக் கிழியும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. உலை வைத்தார். பருப்பை வேகப் போட்டார். பின்னால் எங்கோ ‘டொக் டொக்’ என்று இரண்டு முறை கேட்டது. பனியில் எந்தச் சத்தமும் பக்கத்தில் நடப்பது போலத்தான் கேட்கும் என்று விட்டுவிட்டார். சோற்றை வடித்தார். சாம்பாரைத் தாளித்தார். கடைசியாக ரசம். புளியைக் கரைத்து, தக்காளியைப் பிசைந்து, நுரை கட்டும்போது இறக்கி, உள்ளங்கையில் விட்டுக்கொண்டார்.

ஏதோ குறைந்தது.

கரண்டியோடு திரும்பினார். மாஸ்டர் பெஞ்சில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், உப்பு பார்க்கறீங்களா?”

“நான் சாப்பிட வந்திருக்கேன் சார்.”

“இல்லை, இது கொஞ்சம்...”

“சோறு போடுங்க.”

போட்டார். மாஸ்டர் குனிந்து சாப்பிட்டார். சாம்பார் முடிந்தது. ரசத்துக்குச் சோற்றில் குழி செய்தார். திருவேங்கடம் ஊற்றினார். குழியைத் தாண்டி இலையிலும் கொஞ்சம் ஓடியது. மாஸ்டர் அதை விரலால் வழித்துச் சேர்த்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பசித்தவர்கள் சாப்பிடுவது போலச் சாப்பிட்டார்.

அப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பனியிலிருந்து தலையை நீட்டினார். “அண்ணே, வண்டி நகர வழியில்லை. ரோடே தெரியலை. ஏழு பேர் இருக்கோம், ரெண்டு பேர் வயசானவங்க. இலை போடறீங்களா?”

திருவேங்கடம் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இல்லைங்க, இன்னும் கடை திறக்கலை. மேல போனா ஒரு மெஸ் இருக்கு...”

“திறக்கலையா? வெளியே தயார்னு போட்டிருக்கே. அதைப் பார்த்துத்தானே வந்தோம்.”

திருவேங்கடம் வெளியே போய்ப் பார்த்தார். ஷட்டருக்குப் பக்கத்தில் புதிதாக அடித்த ஓர் ஆணி. அதில் பனியில் நனைந்துகொண்டு பிலோமினா மெஸ்ஸின் பலகை தொங்கியது. பலகைக்குப் பின்னால், தெருவில், போர்வையைத் தலையில் போட்டபடி சில பேர் நின்றார்கள். முகம் தெரியவில்லை. குளிரில் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

அவர் வேகமாக உள்ளே வந்தார். மாஸ்டர் இலையைத் தன் பக்கம் மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்திருந்தார்.

“என்ன மாஸ்டர் இது? உங்க பலகையை இங்கே மாட்டியிருக்கீங்க!”

“ஆமா.”

“உங்க கடைக்கு?”

“அங்க வர்றவங்களுக்கு வழி தெரியும்.”

“நான் இன்னும் தயாராகலையே மாஸ்டர். ரசத்தில் ஏதோ குறையுது, என்னன்னே தெரியலை. கடைக்கு ஒரு பேர்கூட வைக்கலை.” கடைசியில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பலகையிலேயே தயார்னு சரியா எழுதலை மாஸ்டர். கால் இல்லை!”

மாஸ்டர் ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மீதி இலைகளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“அந்தக் கால் இல்லாமத்தான் சார் பதினேழு வருஷமா என் கடை நடக்குது.”