கிரைண்டர் பணம் திரும்பி வந்த வழி

அம்பாசமுத்திரம் சாலையில், பஸ் நிற்காத ஒரு திருப்பத்தில் சின்ன மடம் ஒன்று இருந்தது. மடத்தின் தலைவி மங்கையர்க்கரசி அம்மாவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடர்களில் மூத்தவரான சிதம்பரதாணுவுக்கு அறுபத்திரண்டு. ஓர் அரசாங்க ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஞானம் தேடி வந்தவர். அம்மா அவரை அண்ணாச்சி என்பார். அவர் அம்மாவை அம்மா என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் எதுவும் இருக்கவில்லை. சங்கடமெல்லாம் கிரைண்டர் வாங்கிய பிறகுதான்.

மடத்தில் தினமும் காலையில் செங்கல் சூளைக்காரர்கள் நாற்பது பேருக்கு இட்லி. மாவாட்ட டவுன் கடையில் மடத்துக் கார்டைத் தேய்த்து ஒரு கிரைண்டர் வாங்கினார்கள். வந்திறங்கும்போதே கல்லில் விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பணம் கார்டுக்கே வந்துவிடும் என்றார்கள். இரண்டு வாரம் ஆகியும் வரவில்லை.

இரண்டு வாரமும் சமையல்கார இசக்கியம்மாள் ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். வலது தோள் வீங்கிவிட்டது.

"இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்," என்றாள். "அதுக்கு மேல வள்ளியூர்ல எம் மவன் வீட்டுக்குப் போயிருவேன். பெறவு நீங்களே ஆட்டிக்கிடுங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். அவள் போனால் சூளைக்காரர்களுக்கு இட்லி இல்லை.

கடையோடு பேசும் பொறுப்பைத் தாணு தாமே எடுத்துக்கொண்டார். கடையின் நம்பர் பில்லில் இருந்தது. பில் அம்மாவின் மேசை மேல் இருந்தது. மேசைக்குப் பத்தடி நடக்க வேண்டும். அவர் நடக்கவில்லை. கடைப் பெயரைச் செல்போனில் தட்டி, முதலில் வந்த நம்பரைக் கூப்பிட்டார். எடுத்தவன் பணிவே உருவாகப் பேசினான். நாளைக் காலையில் தானே கூப்பிடுவதாகவும் கார்டைக் கையில் வைத்திருக்கும்படியும் சொன்னான்.

மறுநாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை தாணுவுக்கு மௌன விரதம்.

விரதத்தை விட அவருக்கு மனமில்லை. பணத்தையும் விட மனமில்லை. ஆகவே போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். சிலேட்டை எடுத்துக் கார்டின் பதினாறு எண்களையும் எழுதினார். இசக்கியம்மாளைக் கைதட்டிக் கூப்பிட்டு, போனைப் பார்த்து வாசிக்கும்படி சைகை காட்டினார்.

"நாலு, மூணு," என்று வாசித்தாள் அவள். "இது ஏழா, ஒண்ணா?"

தாணு ஏழு விரல் காட்டினார்.

"ஏழுன்னா ஏழு மாதிரி எழுதணும். கோழி கெளறுன மாதிரில்லா இருக்கு."

"மெதுவா சொல்லுங்கம்மா, அவசரமே இல்லை," என்றது போன். "இதை முடிச்சிட்டு, கார்டு பின்னாடி இருக்கிற மூணு எண்ணு. அப்புறம் ஒரு ஓடிபி வரும், அதையும் சொல்லிட்டீங்கன்னா பணம் உடனே ஏறிடும்."

இசக்கியம்மாள் நான்காவது எண்ணைச் சொன்னபோது அம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார். குடத்தை இறக்கினார். போனை அணைத்தார். ஈரக் கையால் சிலேட்டைத் துடைத்தார்.

தாணுவுக்கு விரதம் மறந்துவிட்டது.

"அம்மா, பணம் வர்ற நேரத்துல இப்படிப் பண்ணிட்டீங்களே. நான் ஒரு வார்த்தை வாயைத் திறக்கலையே."

"மௌனமா இருந்துக்கிட்டே இவ்வளவு உளறின ஆளை நான் இப்பத்தான் பாக்கேன்," என்றார் அம்மா. "அந்தக் கார்டுல இருக்கது நாலு மாசத்து அரிசி, அண்ணாச்சி."

வெளியே போனது நான்கே எண்கள். தாணுவின் கையெழுத்து மோசமாக இருந்ததால் மடம் பிழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இனி எவன் கேட்டாலும் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் ஊர் தாங்காது.

புதன்கிழமை ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், கிரைண்டர் ரீஃபண்டு விஷயமா கடைலேர்ந்து பேசுறோம். பில் நம்பரும் கார்டோட கடைசி நாலு எண்ணும் சொல்லுங்க."

"எதுக்கு?"

"அன்னைக்கு அதே விலையில மூணு பேர் வாங்கியிருக்காங்க சார். உங்களோடது எதுன்னு பாக்கணும்."

"நாலு எண்ணு என்ன, அதுல பாதிகூடச் சொல்ல மாட்டேன்."

"பில் நம்பராவது சொல்லுங்க."

"எம் பேரையே சொல்ல மாட்டேன். நீ யாரு, உங்கப்பா யாரு, உனக்கு இந்த வேலை எதுக்கு?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா ஹெட் ஆபீசுக்கு அனுப்பிருவாங்க சார். அங்க போச்சுன்னா இன்னும் ஒரு மாசம் ஆகும்," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

தாணு மார்பை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். பாராட்டை எதிர்பார்த்தார். இசக்கியம்மாள் மாவுக் கையோடு எழுந்தாள். தன் துணிகளை மடித்து ஒரு பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் இருப்பார்.

"சொன்னாலும் தப்புங்கீங்க, சொல்லாட்டியும் தப்புங்கீங்க," என்றார் தாணு. அவருக்கும் பொறுமை போய்விட்டது. "எதைச் சொல்லணும், எதைச் சொல்லக்கூடாதுன்னு ஒருத்தன் எப்படி அம்மா கண்டுபிடிக்கது?"

அம்மா முந்தானையில் முடிந்திருந்த பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

"இதை உண்டியல்ல போட்டுட்டு வாங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா."

"போட்டுட்டு வாங்க."

தாணு முணுமுணுத்தபடி கூடத்துக்குப் போனார். அங்கே மூன்று உண்டியல்கள் வரிசையாக இருந்தன. திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"எந்த உண்டியல்லம்மா?"

"சாப்பாட்டு உண்டியல்ல."

போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எந்த உண்டியல்னு கேட்டீங்க. சாவி கேட்டீங்களா?"

தாணு கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். இசக்கியம்மாள் துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு அவர் அந்தப் பத்தடியை நடந்தார். மேசையிலிருந்து பில்லை எடுத்து, அதில் அச்சடித்திருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டினார். அதே பெண்தான் எடுத்தாள். பில் நம்பரைச் சொன்னார். கடைசி நான்கு எண்களைச் சொன்னார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் சார். ரெண்டு நாள்ல ஏறிடும்," என்றாள் அவள். வைத்துவிட்டாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இசக்கியம்மாள் பையிலிருந்து ஒரே ஒரு சேலையை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். மற்றவை பணம் வந்த பிறகு.

தாணு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் தெளியவில்லை.

"இன்னும் என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லைம்மா."

"சொல்லுங்க."

"இந்தப் பிள்ளை ஒரு நன்றிகூடச் சொல்லாம வச்சிட்டு." அவர் குரல் இறங்கியது. "முதல்ல பேசினானே, அவன் என்னைச் சாமின்னு கூப்பிட்டான். உங்க குரலைக் கேட்டாலே மனசு நிறையுதுன்னான். முப்பத்தாறு வருஷத்துல ஆபீசுல ஒருத்தரும் எங்கிட்ட அப்படிப் பேசினதில்லைம்மா."

அம்மா குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டார். முதல் முறையாக அவர் குரலில் சலிப்பு இல்லை.

"காசு போட வர்றவங்க அவசரத்துல போட்டுட்டுப் போயிருவாங்க, அண்ணாச்சி. பூட்டை உடைக்க வர்றவன்தான் உண்டியல் முன்னால நின்னு நல்லாக் கும்பிடுவான்."