தடம் விடாத மூவர்

நாமக்கோழி ஏரிப் பூங்காவில் ஒரு பகல் சுற்றிப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் சேர்த்துப் புத்தி அரை ஆழாக்குத் தேறும். அதையும் பத்திரமாகத் தலைவர் தங்கப்பழமே வைத்திருந்தார்.

மறுநாள் காலை அவருடைய அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தணும். "சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸ விட்டியோ, ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் அக்கா அனுப்பியிருந்தாள்.

வாசலில் வாட்ச்மேன் ஒன்றே ஒன்று சொன்னார்: "குப்பை கிப்பை போடாதீங்க. வந்து போன தடமே தெரியக் கூடாது, பாத்துக்கிடுங்க."

கயாக் படகில் ஏறித் துடுப்புப் போட்டார்கள். தண்ணீரில் வளையம் வளையமாக அலை கிளம்பியது.

"அண்ணாச்சி, தடம்!" என்று அலறினார் இரண்டாமவர் சுடலைக்கண்ணு. துண்டை எடுத்து ஏரியைத் துடைத்துக்கொண்டே வந்தார். எவ்வளவு துடைத்தும் ஈரம் போகவில்லை.

கரையில் ஒரு நாரை நின்றது. தங்கப்பழம் பைனாகுலரை வைத்துப் பார்த்தார், பதறிப்போய் இறக்கினார்.

"ஏலே, அது நம்மளப் பாத்துட்டு! நாளைக்கு யாராவது கேட்டா சொல்லிப்புடுமே!"

"அது மறக்குற வரைக்கும் இருப்போம்" என்றார் மூன்றாமவர் வன்னியப்பெருமாள்.

முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். நாரை அந்தப் பக்கம் திரும்பியது. "மறந்துட்டு" என்று நிம்மதியாக எழுந்தார்கள்.

பிறகு மலையேற்றம். வன்னியப்பெருமாள் வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து, எல்லார் காலடியையும் பெருக்கிக்கொண்டே ஏறினார். வேலை என்றால் அப்படியொரு சுத்தம்! உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் வந்த வழியே தெரியவில்லை. மணியோ நாலரை.

"போச்சே! பிள்ளை காது என்னாகும்?" தங்கப்பழம் பாறையில் உட்கார்ந்து அழுதே விட்டார்.

சுடலைக்கண்ணு நெடுநேரம் தாடையைத் தடவினார்.

"அண்ணாச்சி, இங்க ஆள் வந்த தடம் இருக்கா?"

"இல்ல."

"அப்போ யாருமே வரல."

"நாம?"

"நாம மட்டும் என்ன? வந்திருந்தா தடம் இருக்குமுல்லா!"

எவ்வளவு நியாயமான பேச்சு! தங்கப்பழம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

"பஸ் ஏறிட்டியாலே?"

"நான் இங்க வரவே இல்லக்கா. வீட்டுலதான் எங்கயாவது இருப்பேன், நல்லாத் தேடிப் பாரு. கெடச்சதும் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு, மனசு கெடந்து அடிச்சுக்கிடுது."