எதிராளிக்குச் செய்த கம்பு

டிரில் வாத்தியார் மாசானம் மூச்சிரைக்க வந்து, தோளில் கிடந்த சாக்கைச் சிலம்பக் கூடத்தில் கொட்டினார். சைக்கிள் செயின், விறகுக்கட்டை, கிரிக்கெட் ஸ்டம்பு.

ஆசான் இசக்கியம்மாள் இடுப்புப் பிள்ளைக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மாசானத்தைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவர் கம்பு பிடிக்கப் படித்தது அவளிடம்தான்.

"எல்லாம் பத்தாம் வகுப்புப் பையன்கள் பையில இருந்தது, ஆசானே. நாளைக்கும் தேடுவேன்."

"அப்போ நாளைக்கும் இருக்கும்."

பஸ்ஸில் இடம்பிடித்ததில் வந்த தகராறு அது. மேலத்தெரு வேல்கனியும் கீழத்தெரு கொம்பையாவும் ஆரம்பித்தார்கள். இப்போது ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. இன்னொரு அடி விழுந்தால் இருவருக்கும் டி.சி. என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். பொதுத்தேர்வுக்கு இருபதே நாள்.

"சண்டையை எப்படி நிறுத்த?"

"போடட்டுமே. வெள்ளிக்கிழமை சாயங்காலம், இங்கேயே. சிலம்பம்."

மாசானத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களே கம்பு கொடுக்கப் போறீங்களா?"

"நான் ஏன் கொடுக்கேன்? அவன் கம்பை இவன் செய்யட்டும், இவன் கம்பை அவன் செய்யட்டும். மூணு நாள்."

"ஒரே நாள்ல செஞ்சிரலாமே."

"மூணு நாள், வாத்தியாரே," என்று பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

இருவருக்கும் கம்பு சுற்றத் தெரியும். அடிக்கலாம் என்ற ஆசையிலேயே ஓடி வந்தார்கள்.

முதல் நாள் அளவு. பிடிக்கிறவனின் பாதத்திலிருந்து புருவம்வரை கம்பு இருக்க வேண்டும்.

"நிமிர்ந்து நில்லுல."

"நீ மொதல்ல மேல இருந்து கையை எடு."

மாசானம் நடுவிலேயே நின்றார். ஒரு நிமிடம் உட்காரவில்லை.

இரண்டாம் நாள் மூங்கிலை அனலில் வாட்டி நிமிர்த்தினார்கள். ஒருவன் வாட்ட, மற்றவன் அழுத்த வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் உப்புத்தாளும் நல்லெண்ணெயும்.

"கையைக் காட்டு, பிடி சரியா இருக்கான்னு பாப்போம். என்னல, பாப்பா கை மாதிரி இருக்கு?"

"நாளைக்கு வாங்கும்போது தெரியும்."

வெள்ளிக்கிழமை இரண்டு தெருவும் திரண்டு வந்துவிட்டது. மாடியில், மதில்மேல், வேப்பமரத்தில் எல்லாம் தலைகள். தரை தொட்டு வணங்கி இருவரும் இறங்கினார்கள். கம்புகள் சுற்றிய வேகத்தில் புழுதி எழும்பியது. தட்டு, தடுப்பு, தட்டு, தடுப்பு. விசில் காதைப் பிளந்தது.

சடார்.

கொம்பையாவின் கம்பு முறிந்தது. பாதி கையில், பாதி மண்ணில். வேல்கனியின் கம்பு அவன் தலைக்கு நேர் மேலே நின்றது.

"போடுல!" என்று மேலத்தெருப் பையன்கள் கத்தினார்கள்.

மாசானம் பாய்ந்து ஓடினார். அவர் போய்ச் சேருமுன் வேல்கனி கம்பை இறக்கியிருந்தான். குனிந்து முறிந்த துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"கணுவுலயா விட்டுது? நான் மூணு தடவை பாத்தேனேல. கையில சிராய் ஏதும் ஏறிட்டா?"

கொம்பையா கையை நீட்டினான். "ஒண்ணுமில்ல. நீ செஞ்சது அவ்வளவுதான். நான் செஞ்சது பாரு, கீறல்கூட இல்ல."

"சரி சரி, பீத்தாத. நாளைக்கு வேற செஞ்சு தாரேன்."

கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. யாரோ சிரித்தார்கள்.

மாசானம் முறிந்த துண்டை வாங்கிப் பார்த்தார். "ஆசானே, வேல்கனி வேணும்னே வெடிச்ச மூங்கிலைக் கொடுத்திருந்தா?"

"முதல் நாளே கம்பைக் கேட்டிருந்தா அதைத்தான் கொடுத்திருப்பான்," என்றாள் இசக்கியம்மாள்.